மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா

என் அம்மா ராஜபாளையத்துக்கு வந்து இறங்கியபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு துணிப்பை, பழைய சேலையில் சுற்றிய ஒரு படம். எண்பதுகளின் நடுவில் அது. எனக்கு முதல் பிள்ளை பிறந்து, பேறுகால விடுப்பு முடியப்போகிற சமயம். நான் வில்லிபுத்தூர் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். காலையில் பஸ் ஏறினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, செங்கோட்டைப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவைக் கூட்டிவந்துவிடலாம் என்று சொன்னது என் மாமனார்தான். ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிவந்ததும் அவர்தான்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நூல் மில்லில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது, விரதம் கிடையாது, நாள் பார்ப்பது கிடையாது. தெருமுனைக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுவார். எங்கள் எக்சேஞ்சுக்கு ஜெனரேட்டர் பழுது பார்க்க வந்த அவர் மகனும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பியபோது, வேறு சாதி என்று அவர் பக்கத்துச் சொந்தங்கள் எல்லாம் விலகிக்கொண்டன. அவர் மட்டும் தனியாக ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்து பெண் கேட்டார். அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க பிள்ளைய உங்க வீட்டுல தனியா உக்காரவச்சுச் சோறு போடமாட்டீயள்லா?"

"என் தட்டுலயே போடுவேன்மா" என்றார் மாமா. ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, அவரே தலைமை தாங்கிக் கல்யாணத்தை நடத்திவைத்தார். அன்றிலிருந்து அம்மா அவரை அண்ணாச்சி என்றாள். அவர் தங்கச்சி என்றார்.

அப்படிப்பட்டவர் முன்னால் அம்மா அந்தச் சேலையைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடி போட்ட படம். குஞ்சம் வைத்த தலைப்பாகையும் முத்து மாலையுமாக ஓர் இளைஞர். பெரிய, சாந்தமான கண்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

இது யார் என்று மாமா கேட்டார். எங்க மகாராஜா என்றாள் அம்மா.

மாமா சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல ராஜாவுக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு ராஜாவா இருக்காக. இன்னொரு ராஜாவை மலையேத்தி வேற கொண்டாந்துட்டீங்களே தங்கச்சி."

வாடகை வாங்க வந்திருந்த வீட்டுக்கார அம்மாளும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர் வீட்டு ஆண்கள் பெயரெல்லாம் ராஜா என்றுதான் முடியும். அம்மாவும் சிரித்தாள். ஆனால் படத்தைக் கீழே வைக்கவில்லை.

அன்று மாலை மாமா என் கணவரைத் தனியே கூப்பிட்டு, சாமி படம் மாட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், ராஜா படம் முன்னறையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா காதில் அது விழுந்திருக்க வேண்டும். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அரிசி டிரம் வைத்திருந்த உள்ளறைக்குப் படத்தை எடுத்துப்போய், தன் பெட்டிக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டாள். மாமா அந்த அறைக்குள் போவதை நிறுத்திக்கொண்டார். அரிசி எடுக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு, பிள்ளை, வெயில், விலைவாசி என்று மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

எங்கள் ஊர் இருந்த செங்கோட்டைப் பக்கம், மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கும்வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. நான் பிறந்தபோது அது தமிழ்நாடாகிவிட்டது. ஆனால் அம்மாவுக்குக் கடைசிவரை ராஜ்யம் என்றால் மலைக்கு அந்தப் பக்கம்தான். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த படம் என்பதால், அது ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேட்கவே எனக்குத் தோன்றியதில்லை. கேட்டது மாமாதான். சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அந்த ராஜா உங்களுக்கு அப்பிடி என்னதான் செஞ்சாரு தங்கச்சி?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். சொந்தக்கார வீட்டுக் கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்த ராஜா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்துவிட்டாராம். வயது வரும்வரை பெரியம்மா முறையுள்ள ராணிதான் அவருக்காக ஆண்டார்களாம். பிறகு அவர் கையில் ஆட்சி வந்தது. கல்யாணமே கட்டிக்கொள்ளவில்லை. ஆட்சிக்கு வந்து சில வருஷத்திலேயே, தன் பிறந்தநாளை ஒட்டி, இனி சமஸ்தானத்துக் கோயில்களில் எந்தச் சாதி இந்துவும் உள்ளே போகலாம் என்று உத்தரவு போட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அம்மாவுக்கு அன்றைக்கு எட்டோ ஒன்பதோ வயது. அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் தெப்பக்குளத்துக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே விளக்கு எரிந்தால் ஒரு மஞ்சள் புள்ளி தெரியுமாம். சாமி என்றால் அந்தப் புள்ளிதான் என்று அம்மா நினைத்திருந்தாள். உத்தரவு வந்து தண்டோரா போட்ட பிறகு எல்லோரும் குளித்து, வெளுத்த துணி கட்டி, கோபுரவாசல்வரை போனார்கள். போய் நின்றுவிட்டார்கள். முதல் காலை யார் எடுத்துவைப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்ற பெண்கள் தள்ளியதில்தான் முன்னால் நின்றவர்கள் உள்ளே போனார்களாம்.

"எனக்குச் சாமி தெரியலை, ஒரே கூட்டம். எங்கய்யா சாமியவே பாக்கலை. தூண் தூணாப் போயித் தடவித் தடவிப் பாத்தாரு. சந்தையில மாட்டைத் தடவிப் பாப்பாவள்லா, அதுமாதிரி. கல்லு குளுகுளுன்னு இருக்குட்டின்னு என்கிட்டச் சொன்னாரு."

தென்காசி அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அது வெள்ளைக்காரன் ராஜ்யம். அங்கே கோயில் திறக்க இன்னும் சில வருஷம் ஆனது. அதுவரை தென்காசிப் பக்கத்து எங்கள் சொந்தங்கள், கோயிலுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு விருந்து வருவார்களாம். தாத்தா அவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவாராம், தன் வீட்டைக் காட்டுவதுபோல.

மாமா முழுவதையும் கேட்டார். குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு, ராஜா தானாகக் கொடுத்துவிடவில்லை என்றார். அதே சமஸ்தானத்தில் அதற்குப் பல வருஷம் முன்னால், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக ஜனங்கள் மழையில் நின்று போராடியதையும், தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போய்ச் சிறையில் இருந்ததையும் சொன்னார். சலுகை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேறு மதத்துக்கே போய்விடுவோம் என்று ஜனங்கள் பேச ஆரம்பித்த பிறகுதான் கதவு திறந்தது என்றார். அம்மா மறுக்கவில்லை. அப்புறம் அவர், கோயிலுக்குள் போய்வந்த உங்கள் அய்யாவை ஊர் எப்படி நடத்தியது என்று கேட்டார்.

அம்மா முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வயல்காரர் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்றாள். தாத்தா கடைசியில் மலைமேல் தண்டவாள வேலைக்குக் கூலியாகப் போனதே அதனால்தான்.

"பாத்தீங்களா. கதவைத் தொறந்த ராஜா வயித்தைப் பாக்கலை" என்றார் மாமா.

"வயித்துக்கு நாங்க பாத்துக்கிட்டோம் அண்ணாச்சி. கதவை எங்களால தொறக்க முடியலைல்லா."

அதிலிருந்து அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் நடந்தது. நான் வேலை முடிந்து பஸ் இறங்கி வரும்போதே சத்தம் வாசலில் கேட்கும். சண்டை இல்லை. அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருக்கும், என் மகள் இரண்டு பேருக்கும் நடுவில் தவழ்ந்துகொண்டிருப்பாள், அவர்கள் ராஜாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மாமாவுக்குக் கூட்டமும் பேச்சும் வாழ்க்கை முழுக்கப் பழக்கம். மில்லை விட்ட பிறகு அவரிடம் எதிர்த்துப் பேச ஆளில்லை. அம்மாவுக்கும் அப்பா போன பிறகு ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை சொல்ல ஆளில்லை. அதை இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது எனக்கு இது என்னடா ஓயாத பேச்சு என்றுதான் இருந்தது.

ஒருநாள் மாமா, அதே ராஜாவின் ஆட்சியின் கடைசிக் காலத்தில் திவானின் போலீசும் பட்டாளமும் தொழிலாளிகளைச் சுட்டதைச் சொன்னார். தொழிலாளி என்று வந்தால் அவர் குரலே மாறிவிடும். அம்மா வேறேதும் சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். "அது பாவம்தான். அதுக்கு நான் பரிஞ்சு பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். மாமா ஜெயித்ததுபோல் உட்கார்ந்திருக்கவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அம்மாவுக்குக் கை கொடுக்கலாமே என்று நான் லைப்ரரியில் தேடிப் படித்தேன். அந்த ராஜா பல்கலைக்கழகம் தொடங்கியதும், மலை ஆற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுத்ததும், சமஸ்தானமே பஸ் விட்டதும் அதில் இருந்தது. தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டார் என்றும் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. சொன்னபோது, அப்படியா என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள். மாமாதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்குக் கூடாது என்று கூட்டம் கூட்டமாகப் பேசியவர் அவர். நான் சொன்னதை நம்பாமல் மறுநாள் அவரே லைப்ரரிக்குப் போனார். வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "எடுத்தது வாஸ்தவம்தான். சுதந்திரம் வந்த பொறவு நம்மாளுக திரும்பக் கொண்டாந்துட்டாக" என்றார். அம்மா அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். வில்லிபுத்தூரில் தேருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. மலைக்காற்று புழுதியை வாரி எக்சேஞ்ச் ஜன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாளத்தில் இருக்கும் மகனோடு பேசக் கூமாப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்காக நான் டிரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தென்காசி ஆபரேட்டர் பெண் லைனில் வந்தாள். எங்களுக்குள் முகம் தெரியாது, குரல்தான் பழக்கம். திருவனந்தபுரம் லைன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றாள். பழைய மகாராஜா காலமாகிவிட்டாராம்.

அந்த அம்மாளுக்கு லைனைப் போட்டுக்கொடுத்துவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். ராஜ்யம் போய் எத்தனையோ வருஷம். அவர் தினமும் காலையில் காரில் கோயிலுக்குப் போய்வருகிற ஒரு வயதான மனிதராகத்தான் இருந்தார். ஆனால் அம்மாவுக்கு அவர் அந்தப் படத்தில் இருக்கிற வயதிலேயே இருந்தார்.

மாமா வாசலில் நின்றார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒலித்துக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார். "நீ சொல்லாத. நான் சொல்லுறேன்" என்றார்.

பிறகு அரிசி டிரம் இருந்த அறைக்குள் போனார். படம் மாட்டிய நாளிலிருந்து அவர் அதற்குள் போனதை நான் பார்த்ததில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்த்தபோது அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஏறிப் படத்தைத் துடைப்பதற்காக எடுத்துப்போட்டிருக்கிறார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. திருவனந்தபுரம் போகவேண்டுமா என்று மாமா கேட்டார். போனாலும் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றாள். பிறகு, ஊருக்குப் போய்க் கோயிலில் ஒரு விளக்குப் போட வேண்டும் என்றாள். ராஜா இறந்தால் அங்கே எதற்கு விளக்கு என்று என் கணவர் கேட்டார்.

"அவிய எனக்குக் குடுத்தது அந்த வாசலைத்தான மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் நாங்கள் போனோம். அம்மா, மாமா, நான், ஆறு வயதாகியிருந்த என் மகள். மாமா துணைக்கு வருவதாகச் சொன்னபோது யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்றும் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தார். செங்கோட்டை நெருங்க நெருங்கச் சாரல் ஜன்னல் வழியாக அடித்தது. என் மகள் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டு வந்தாள். மலையைக் காட்டி, அங்கேதான் உன் அம்மாவுடைய தாத்தா தண்டவாள வேலை பார்த்தார் என்று மாமா அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கதையை அம்மாவிடமிருந்து அவர் இத்தனை நுணுக்கமாகக் கேட்டுவைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கோயில் சின்னதுதான். அம்மா சொல்லிச் சொல்லி நான் பெரிதாக நினைத்துவைத்திருந்தேன். சின்ன வயதில் நானே ஓடி விளையாடிய இடம் என்பதும் மறந்துபோயிருந்தது. தெப்பக்குளத்தில் பாசி படர்ந்திருந்தது. அம்மா கால் கழுவிவிட்டு வந்து, வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"நான் நாப்பது வருசமா எந்தக் கோயிலுக்குள்ளயும் போனதில்ல தங்கச்சி. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். எங்கய்யாவும் அம்புட்டு வருசம் போகாமத்தான் இருந்தாரு. அவரு போகாததும் நீங்க போகாததும் ஒண்ணா அண்ணாச்சி?"

அம்மா அவரை வற்புறுத்தவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு, என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மாமாவோடு வெளியிலேயே நின்றேன். வாசல் வழியாகப் பார்த்தால் அம்மா விளக்குப் போட்டுவிட்டு ஒவ்வொரு தூணாக நடப்பது தெரிந்தது. என் மகள் தூணைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சாரல் வலுத்ததும் மாமா கோபுரத்துக்குக் கீழே ஒதுங்கினார், நிலைப்படிக்கு இந்தப் பக்கமே.

அம்மா திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டபோது மாமா சொன்னார்.

"போகமாட்டேன்னு நான் சொல்லணும்னாக்கூட, மொதல்ல கதவு தொறந்திருக்கணும். அதை நான் யோசிக்கலை தங்கச்சி." கொஞ்ச தூரம் நடந்ததும், "ஆனா தொறந்தது ராஜா மட்டும் இல்ல" என்றார்.

"அவிய மட்டும்தான்னு நான் எப்பம் சொன்னேன்?" என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் சூடாக வடை வாங்கித் தின்றோம். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த அம்மா அங்கேதான் சாப்பிட்டாள்.

அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ராஜபாளையத்தில் ஒரு தெருமுனைக் கூட்டம். மாமாவும் பேசினார். வழக்கம்போல ராஜாக்களையும் ஜமீன்களையும் ஒரு பிடி பிடித்தார். நடுவில் நிறுத்தி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ராஜா, ஜனங்கள் கேட்டதைக் காதில் வாங்கி, தன் சொந்தக் கூட்டத்தார் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டார், அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை என்றார். கீழே இருந்த தோழர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். கூட்டம் முடிந்தபின் ஒருவர் அவரிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நானும் அம்மாவும் எதிரே துணிக்கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அவரிடம், கூட்டத்தில் அவ்வளவு சத்தமாகக் கத்தினால் தொண்டை கெட்டுப்போகும், மிளகுப்பால் குடியுங்கள் என்று மட்டும்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகும் சில வருஷம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது. இப்போது யார் எந்தப் பக்கம் என்பது சில நாள் எனக்கே குழம்பிவிடும். சில நாள் அம்மா ராஜாவைக் குறை சொல்வாள், மாமா விட்டுக்கொடுக்காமல் பேசுவார். தொண்ணூறுகளின் நடுவில் அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மாமா வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் என் தங்கச்சி போயிட்டா என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தின்போது விலகிப்போன அவர் பக்கத்துச் சொந்தங்களில் சிலரும் வந்து வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நான் பஸ் இறங்கி வரும்போது உள்ளே சத்தம் இருக்காது. எக்சேஞ்சிலும் கம்ப்யூட்டர் வந்து, டிரங்க் கால் குரல்கள் எல்லாம் நின்றுவிட்டிருந்தன. ஒருநாள் நான் சேலை மாற்றி, காபி போட்டு எடுத்துவந்தபோது, மாமா எதிர் நாற்காலியைக் காட்டி, உட்காரு என்றார்.

"அந்த ராஜா பல்கலைக்கழகம் கட்டினாரே, அதுல உங்க ஜனங்க எம்புட்டுப் பேர் படிச்சாக?" என்று ஆரம்பித்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அம்மாவின் பக்கத்திலிருந்து நான் பேச வேண்டும். தெரிந்ததை எல்லாம் வைத்துப் பதில் சொன்னேன். படித்த தேதியும் விவரமும் எல்லாம் சேர்த்து நன்றாகவே சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் டம்ளரைக் கையில் வைத்து உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சொல்லுற. ஆனா உங்கம்மா இப்பிடிச் சொல்லமாட்டா" என்றார். அப்புறம் காபியைக் குடித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்.